சினைப்பைக் கட்டி அறுவைக்கு முன் எந்த ரத்தப் பரிசோதனை? சிஏ 125 முதல் 'மொத்தப் பேக்கேஜ்' வரை ஓர் ஒப்பீடு

இரவு ஒன்பதரை மணிக்கு ஆய்வகத்திலிருந்து ரிப்போர்ட் வந்தது. தங்கை அதை அப்படியே எனக்கு அனுப்பினாள். சிஏ 125 என்ற வரிக்கு நேரே 78 என்று தடித்த எழுத்தில் இருந்தது. பக்கத்தில் 'ஹெச்' என்று ஓர் எழுத்து. அதற்கும் அப்பால், பொடி எழுத்தில், '35-க்குள்'. அவளுக்கு அப்போது 34 வயது. இடது சினைப்பையில் ஆறு சென்டிமீட்டர் கட்டி. அடுத்த வாரம் லேப்ராஸ்கோப்பி என்று தேதி குறித்தாயிற்று. "அக்கா, இது கேன்சர்தானே?" என்றாள். ரத்தம் கொடுத்தது மாதவிடாயின் இரண்டாம் நாள் என்பது மறுநாள் காலையில்தான் தெரிந்தது. ஆய்வகத்தில் யாரும் கேட்கவில்லை. கேட்காததை அவளும் சொல்லவில்லை.

நான் மருத்துவர் இல்லை. மருத்துவச் செய்திகளை எழுதிப் பிழைப்பவள். அதனாலேயே உறவிலும் நட்பிலும் யாருக்காவது சினைப்பையில் கட்டி என்றால் எனக்கு ஒரு போன் வந்துவிடும். கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான்: சிஏ 125 மட்டும் போதுமா, ரோமாவும் எடுக்க வேண்டுமா, செலவோடு செலவாக எல்லா மார்க்கரும் சேர்ந்த பேக்கேஜாகவே எடுத்துவிடலாமா? மார்க்கர் என்றால், புற்றுநோய்க்கு இடமிருக்கிறதா என்று பார்க்க ரத்தத்தில் அளக்கும் பொருள். சிஏ 125 அப்படி ஒரு புரதம். ரோமா, அதோடு இன்னொரு புரதத்தையும் சேர்த்துப் போடும் கணக்கு.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் ஊரில் பிசிஓஎஸ்ஸையும் 'நீர்க்கட்டி' என்கிறோம். சினைப்பையில் தனியாக வளரும் கட்டியையும் 'நீர்க்கட்டி' என்கிறோம். முன்னதில் தெரிபவை முதிராத சின்னஞ்சிறு முட்டைப் பைகள். அதற்கு அறுவையும் வேண்டாம், புற்றுநோய் மார்க்கரும் வேண்டாம். இந்தக் கட்டுரை பின்னதைப் பற்றியது மட்டும்.

## எதை வைத்து எடைபோடுவது

ஒரு பரிசோதனை வேண்டுமா வேண்டாமா என்று பார்க்கும்போது நான் முதலில் கேட்பது, "விடை கூடுதலாக வந்தால் எது மாறும், குறைவாக வந்தால் எது மாறும்?" இரண்டு பக்கமும் எதுவும் மாறாது என்றால் அந்தக் குழாயில் ரத்தம் ஊற்றுவது வீண்.

இங்கே மாறக்கூடியது ஒன்று உண்டு. கட்டியை யார் எடுப்பது, எந்த வழியில் எடுப்பது என்பதுதான் அது. சாதாரணக் கட்டி என்றால் மகப்பேறு மருத்துவரே லேப்ராஸ்கோப்பியில் எடுத்துவிடலாம், சினைப்பையைக்கூடக் காப்பாற்றிவிடலாம். புற்றுநோய்க்கு இடமிருக்கிறது என்றால், பெண்களுக்கான புற்றுநோய் அறுவை நிபுணரிடம் போக வேண்டும். கட்டியை உடைக்காமல் எடுக்க வேண்டும். ஒரு சினைப்பைக்குள் அடங்கியிருக்கும் புற்றுநோய் 1ஏ, ஆகத் தொடக்க நிலை. அதே கட்டி அறுவையின்போது வயிற்றுக்குள் உடைந்து சிந்தினால், 2014 முதல் நடப்பிலுள்ள, சர்வதேச மகப்பேறு மருத்துவக் கூட்டமைப்பின் ஃபிகோ வகைப்பாட்டின்படி அது அதைவிடக் கூடிய 1சி1 நிலை. கீமோ வேண்டுமா என்ற பேச்சே அந்த இடத்தில் மாறிவிடலாம்.

இதற்கு அடுத்த அளவுகோல்கள் நான்கு. வயதும், மாதவிடாய் நின்றுவிட்டதா என்பதும். ஸ்கேனில் கட்டியின் உள்ளமைப்பு. பரிசோதனை எவ்வளவு எளிதில் பொய்யாகப் பயமுறுத்தும், எவ்வளவு எளிதில் பொய்யாக ஆறுதல் சொல்லும் என்பது. கடைசியாகச் செலவு. ஆய்வக பில்லை மட்டும் சொல்லவில்லை. அந்த பில்லின் வாலைப் பிடித்துக்கொண்டு வரும் சிடி ஸ்கேன், எண்டோஸ்கோப்பி, தூக்கமில்லாத இரவுகள் எல்லாவற்றையும் சேர்த்துத்தான்.

## ஸ்கேன் மட்டும், ரத்தப் பரிசோதனை வேண்டாம்

பலருக்கும் இது அலட்சியமாகத் தோன்றும். உண்மையில், மாதவிடாய் நிற்காத பெண்ணுக்கு ஸ்கேனில் தெளிவான, ஒற்றை அறையுள்ள, வெறும் நீர் நிரம்பிய கட்டி என்றால் சிஏ 125 தேவையில்லை என்று பிரிட்டனின் மகப்பேறு மருத்துவக் கல்லூரி 2011-லேயே வழிகாட்டிவிட்டது. ஐந்து சென்டிமீட்டருக்குள் இருக்கும் அப்படிப்பட்ட கட்டிகள் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதவிடாய்ச் சுழற்சிக்குள் தாமே வடிந்துவிடும்.

ஸ்கேன் பார்ப்பவர் தேர்ந்தவராக இருந்தால் அவர் கண்ணை எந்த மார்க்கரும் மிஞ்சுவதில்லை. 2008-இல் ஐயோட்டா என்ற சர்வதேச ஆய்வுக் குழு வெளியிட்ட எளிய விதிகள் பத்தே பத்து. ஐந்து அடையாளங்கள் சாதாரணக் கட்டிக்கு, ஐந்து புற்றுநோய்க்கு. அதில் ரத்தப் பரிசோதனை ஒன்றுகூட இல்லை.

இந்த வழியின் மறைமுக விலை ஸ்கேனின் தரத்தில் இருக்கிறது. "இடது சினைப்பையில் 6 செ.மீ. கட்டி" என்று ஒற்றை வரியில் முடியும் ரிப்போர்ட்டை நம்பி மார்க்கரைத் தவிர்க்கக் கூடாது. எத்தனை அறைகள், உள்தடுப்பு தடிமனா, திடப்பகுதி உண்டா, உட்சுவரில் புடைப்புகள் உண்டா, ரத்த ஓட்டம் எப்படி, வயிற்றில் நீர் சேர்ந்திருக்கிறதா என்பதெல்லாம் எழுதியிருக்க வேண்டும். திருமணமாகாத பெண்களுக்கு நம் ஊரில் உள்வழி ஸ்கேன் செய்வதில்லை. வயிற்றின் மேலிருந்து பார்ப்பதில் தெளிவு குறைந்தால், மார்க்கர் பேக்கேஜுக்குச் செலவிடும் பணத்தை எம்ஆர்ஐக்குச் செலவிடுவது மேல்.

## சிஏ 125

இந்தப் பெயரில் இருக்கும் 125-க்கு மருத்துவப் பொருள் எதுவும் கிடையாது. 1981-இல் பாஸ்டனில் ராபர்ட் பாஸ்ட் குழுவினர் சினைப்பைப் புற்றுநோய்க்கு எதிரான எதிர்ப்பொருள்களை (ஆன்டிபாடி) தேடிக்கொண்டிருந்தார்கள். நம்பிக்கை தந்த 125-ஆவது மாதிரி பெயராக நின்றுவிட்டது. 35 என்ற எல்லை 1983-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. நலமாக இருந்த 888 பேரில் நூற்றுக்கு ஒருவர்தான் 35-ஐத் தாண்டினார். சினைப்பைப் புற்றுநோய் உள்ளவர்களில் நூற்றுக்கு 82 பேர் தாண்டினார்கள்.

கேட்கப் பிரமாதமாக இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், இந்தப் புரதம் புற்றணுவின் தனிச்சொத்து இல்லை. வயிற்றறையையும் நுரையீரலையும் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வுகள் எல்லாம் இதைச் சுரக்கும். அந்தச் சவ்வை எது உறுத்தினாலும் எண் ஏறும். மாதவிடாய், கர்ப்பத்தின் முதல் மூன்று மாதம், எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உட்படலம் போன்ற திசு வெளியே வளர்வது), கர்ப்பப்பை ஃபைப்ராய்டு, இடுப்பறைத் தொற்று, கல்லீரல் சுருக்கம், இதயச் செயலிழப்பு, அண்மையில் நடந்த வயிற்று அறுவை என்று காரணங்கள் நீளும்.

நம் நாட்டுக்கென்று ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும்: வயிற்றுக் காசநோய். வயிற்றில் நீர், எடை இழப்பு, சினைப்பை அருகே கட்டி போன்ற நிழல், சிஏ 125 சில நூறுகளில். பார்த்தால் முற்றிய புற்றுநோய் போலவே இருக்கும். வயிற்றைத் திறந்து பார்த்து, பயாப்சியில் காசநோய் என்று தெரிந்து, ஆறு மாத மாத்திரையில் குணமானவர்கள் உண்டு. எண் பெரிதாக இருப்பதாலேயே முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது.

மறுபக்கம், பொய் ஆறுதல். முதல் நிலைப் புற்றுநோயில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் சிஏ 125 ஏறியிருக்கும். சளி போன்ற திரவம் நிறைந்த மியூசினஸ் வகைக் கட்டிகளில் அது பல நேரம் ஏறுவதே இல்லை. 'நார்மல் வந்துவிட்டது' என்று ஸ்கேனில் கண்ட திடப்பகுதியை மறந்துவிடுவது ஆபத்து.

ஆகவே சிஏ 125 அதிகம் பயன்படும் இடம், மாதவிடாய் நின்ற பெண்கள். அந்த வயதில் மேலே சொன்ன பொய்க் காரணங்கள் பல உதிர்ந்துவிடும். இளம் பெண்களுக்கு எடுத்தே ஆக வேண்டும் என்றால் மாதவிடாய் முடிந்த பிறகு எடுப்பது நல்லது. திரும்ப எடுப்பதானால் அதே ஆய்வகம்தான். கருவிக்குக் கருவி எண் மாறும். விலை இந்த வரிசையில் குறைவானவற்றுள் ஒன்று, பெரும்பாலான ஊர்களில் கிடைக்கிறது.

### அதே எண்ணை ஸ்கேனோடு பெருக்கினால்

சிஏ 125-ஐத் தனியாகப் படிப்பதற்கும் ஸ்கேனோடு படிப்பதற்கும் உள்ள தூரம் என் வீட்டிலேயே தெரிந்தது. 1990-இல் பிரிட்டனில் உருவான, புற்றுநோய் அபாயத்தை எடைபோடும் ஆர்எம்ஐ என்ற கணக்கு இது. காகிதமும் பேனாவும் போதும்.

ஸ்கேனில் ஐந்து அடையாளங்களைத் தேட வேண்டும்: பல அறைகள், திடப்பகுதி, இரு பக்கமும் கட்டி, வயிற்றில் நீர், வேறிடத்தில் பரவல். ஒன்றும் இல்லை என்றால் 0, ஒன்று இருந்தால் 1, இரண்டோ அதற்கு மேலோ என்றால் 3. மாதவிடாய் நிற்காதவருக்கு 1, நின்றவருக்கு 3. இந்த இரண்டையும் சிஏ 125 எண்ணோடு பெருக்க வேண்டும். விடை 200-ஐத் தாண்டினால் புற்றுநோய் நிபுணரிடம் அனுப்புவது பிரிட்டன் மகப்பேறு கல்லூரியின் வழக்கம்; 250 என்று வைத்துக்கொள்வோரும் உண்டு.

தங்கையின் 78-ஐப் போட்டுப் பார்த்தோம். ஒரு பக்கம், ஒரே அறை, திடப்பகுதி இல்லை, உள்ளே தேய்த்த கண்ணாடி போன்ற மங்கல். எண்டோமெட்ரியோசிஸால் வரும், பழைய ரத்தம் நிறைந்த சாக்லேட் கட்டியின் முகம் அது. 0 × 1 × 78. விடை பூஜ்யம். அதே ஆண்டு 61 வயது அத்தைக்கு 41 வந்திருந்தது. "ஆறுதானே கூட, விடு" என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். ஸ்கேனிலோ பல அறைகள், ஓரிடத்தில் திடப்பகுதி. 3 × 3 × 41. விடை 369.

200 என்ற எல்லையில் இந்தக் கணக்கு புற்றுநோய்களில் நூற்றுக்கு 78-ஐப் பிடிக்கிறது. சாதாரணக் கட்டிகளில் நூற்றுக்கு 87-ஐச் சரியாக விடுவிக்கிறது. மீதி 22 நழுவுகிறது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கூடுதல் செலவு ஒரு ரூபாய்கூட இல்லாத கணக்கு இது. ஆய்வகங்கள் இதை விளம்பரம் செய்யாததற்குக் காரணமும் அதுவாகத்தான் இருக்கும் என்று எனக்கொரு சந்தேகம்.

## ஹெச்இ4 சேர்ந்த ரோமா

ஹெச்இ4 என்பது வேறொரு புரதம். இதன் பெரிய பலம், எண்டோமெட்ரியோசிஸில் இது பெரும்பாலும் ஏறாது. சிஏ 125 ஏறி, ஸ்கேனும் சாக்லேட் கட்டியா புற்றுநோயா என்று தடுமாறும் இளம் பெண்ணுக்கு இது உண்மையிலேயே உதவும். அமெரிக்காவில் 2008-இல் நோய்க் கண்காணிப்புக்கும், சிஏ 125, ஹெச்இ4, மாதவிடாய் நிலை மூன்றையும் சேர்த்து விழுக்காடாகச் சொல்லும் ரோமா கணக்குக்கு 2011-இலும் அனுமதி கிடைத்தது.

பலவீனங்களும் உண்டு. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ஹெச்இ4 தானே ஏறும். கிரியாட்டினின் பார்க்காமல் இதைப் படிக்கக் கூடாது. வயதோடும் ஏறும், புகைப்பழக்கத்தோடும் ஏறும். மியூசினஸ் கட்டிகளை இதுவும் கோட்டைவிடும். பணத்தில் சிஏ 125-ஐவிடக் கணிசமாகக் கூடுதல். சிறு ஊர்களில் மாதிரியை நகரத்துக்கு அனுப்பி வாங்குவதால் நாளும் கூடும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: ரோமாவின் எல்லைக்கோடு கருவியைப் பொறுத்தது. மாதவிடாய் நிற்காதவர்களுக்கு ஒரு நிறுவனத்தின் கருவியில் 7.4 விழுக்காடு எல்லை, இன்னொன்றில் 11.4. நின்றவர்களுக்கு 25.3, 29.9. பத்து விழுக்காடு என்று வந்த ரிப்போர்ட் ஒரு கருவியில் அபாயம், மற்றதில் நிம்மதி. இணையத்தில் கண்ட எல்லையோடு உங்கள் தாளை ஒப்பிடாதீர்கள். அந்தத் தாளிலேயே அச்சிட்டிருக்கும் எல்லையைப் பாருங்கள்.

ஏற்கெனவே ஸ்கேன் தெளிவாக ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது என்றால் ரோமா அதை மாற்றப் போவதில்லை. நடுவில் நிற்பவர்களுக்குத்தான் இது.

## நாற்பதுக்குக் கீழே: ஏஎஃப்பி, பீட்டா ஹெச்சிஜி, எல்டிஹெச்

சிறுமிகளுக்கும் இளம்பெண்களுக்கும் வரும் சினைப்பைப் புற்றுநோய் வேறு சாதி. அது பெரும்பாலும் கருவணுக்களிலிருந்து முளைப்பது. அங்கே சிஏ 125-ஐ நம்பி உட்கார முடியாது. அதன் வகைக்கு ஏற்ப ஏறும் மார்க்கரும் மாறும். யோக் சாக் கட்டி ஏஎஃப்பியை ஏற்றும். டிஸ்ஜெர்மினோமா எல்டிஹெச்சை ஏற்றும். கோரியோகார்சினோமா பீட்டா ஹெச்சிஜியை ஏற்றும். நாற்பது வயதுக்குக் கீழே, திடப்பகுதியுள்ள சிக்கலான கட்டி என்றால் இந்த மூன்றையும் எடுக்கச் சொல்கிறது மேலே சொன்ன பிரிட்டன் வழிகாட்டல்.

எனக்குத் தெரிந்து அதிகம் தவறவிடப்படுவது இதுதான். 19 வயதுப் பெண்ணுக்கு சிஏ 125 எடுத்து, அது நார்மல் என்று நேரே அறுவைக்கு அனுப்புகிறார்கள். இந்த வகைக் கட்டிகளில் ஒரு சினைப்பையை மட்டும் எடுத்து, கர்ப்பப்பையையும் மறு சினைப்பையையும் காப்பாற்றி, கீமோவில் குணப்படுத்த வாய்ப்பு மிக அதிகம். அறுவைக்குப் பின் சிகிச்சை வேலை செய்கிறதா என்று அறிய, முன்னிருந்த எண் வேண்டும். கட்டியை எடுத்த பிறகு அந்தத் தொடக்க எண்ணை மீட்க வழியில்லை.

கட்டி முறுக்கிக்கொண்டு அவசர அறுவை என்றால் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது, சினைப்பை செத்துவிடும். மற்ற ரத்தங்களோடு ஒரு குழாய் கூடுதலாக எடுத்து அனுப்பிவிட்டு உள்ளே போகலாம். கர்ப்பிணிகளுக்கு ஏஎஃப்பியும் ஹெச்சிஜியும் இயல்பாகவே ஏறியிருக்கும். எல்டிஹெச்சுக்கு வேறு தொல்லை: ஊசி குத்தும்போது ரத்தம் திக்கித் திணறி வந்து அணுக்கள் உடைந்தால் எண் பொய்யாக ஏறும்.

## சிஇஏ, சிஏ 19-9

ஸ்கேன் பெரிய, பல அறை மியூசினஸ் கட்டி என்றோ, இரு பக்கமும் திடக்கட்டி என்றோ சொன்னால் கேள்வி மாறுகிறது: இது சினைப்பையில் பிறந்ததா, வயிற்றிலோ குடலிலோ அப்பெண்டிக்ஸிலோ பிறந்து இங்கே வந்ததா? சிஏ 125-ஐ, குடல் புற்றுநோயில் ஏறும் மார்க்கரான சிஇஏவால் வகுத்து, விடை 25-க்கு மேல் வந்தால் சினைப்பைப் பக்கம் சாய்வதாகக் கொள்வார்கள். குறைந்தால் எண்டோஸ்கோப்பி, கொலனோஸ்கோப்பி முதலில். அந்த இடத்தில் சிஇஏ நல்ல காசுக்கு நல்ல சரக்கு.

சிஏ 19-9 அப்படியில்லை. முடியும் பல்லும் கொழுப்பும் நிறைந்த, ஆபத்தில்லாத டெர்மாய்டு கட்டியிலும் அது ஏறும். பித்தக்கல் அடைப்பிலும் ஏறும். இணையத்தில் தேடினால் கணையப் புற்றுநோய் என்று வரும். பிறகென்ன, சிடி ஸ்கேன்.

## மொத்தப் பேக்கேஜ்

'பெண்களுக்கான புற்றுநோய்ப் பரிசோதனை' என்று ஏழெட்டு மார்க்கரைத் தள்ளுபடியில் கட்டித் தருகிறார்கள். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. எட்டு எண்களில் ஒன்றாவது எல்லை தாண்டுவது எளிது. தாண்டியதைத் துரத்த ஆரம்பித்தால் அறுவைத் தேதி தள்ளிப் போகும்.

கட்டியே இல்லாதவர்கள் வருடாந்தரச் சோதனையாக சிஏ 125 எடுப்பதற்கும் ஆய்வுகள் ஆதரவு தரவில்லை. 2011-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் ஸ்கேன், சிஏ 125 பரிசோதனைக்கு ஒதுக்கப்பட்டவர்கள் 39,105 பெண்கள். 3,285 பேருக்குப் பொய் எச்சரிக்கை. அவர்களில் 1,080 பேர் அறுவைக்கு உள்ளானார்கள். 163 பேருக்குக் கடுமையான சிக்கல். இறப்பு குறையவில்லை. இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களைப் பின்தொடர்ந்த பிரிட்டன் ஆய்வும் 2021-இல் இறப்பு குறையவில்லை என்றே முடித்தது.

## ஒரே பார்வையில்

| பரிசோதனை | யாருக்குப் பொருந்தும் | எங்கே ஏமாற்றும் | பின்னால் வரும் செலவு |
|---|---|---|---|
| நல்ல ஸ்கேன் மட்டும் | இளம் பெண், ஒற்றை அறை நீர்க்கட்டி | ஸ்கேன் தரம் குறைந்தால் | தெளிவில்லையென்றால் எம்ஆர்ஐ |
| சிஏ 125 (ஆர்எம்ஐ கணக்கோடு) | மாதவிடாய் நின்ற எல்லோரும். சிக்கலான கட்டியுள்ள இளையோர் | மாதவிடாய், எண்டோமெட்ரியோசிஸ், காசநோய். முதல் நிலைப் புற்றுநோய் | மறுபரிசோதனை, வீண் பயம் |
| ரோமா | ஸ்கேனும் சிஏ 125-உம் முரண்படும்போது | சிறுநீரகப் பழுது. கருவி மாறினால் எல்லை மாறும் | விலை கூடுதல், காத்திருப்பு |
| ஏஎஃப்பி, ஹெச்சிஜி, எல்டிஹெச் | 40-க்குக் கீழ், திடப்பகுதியுள்ள கட்டி | கர்ப்பம். ரத்தம் எடுத்த விதம் | குறைவு. எடுக்காவிட்டால்தான் இழப்பு |
| சிஇஏ | மியூசினஸ் கட்டி, இரு பக்கத் திடக்கட்டி | புகைப்பவர்களுக்குச் சற்றே ஏறும் | எண்டோஸ்கோப்பி, கொலனோஸ்கோப்பி |
| மொத்தப் பேக்கேஜ் | யாருக்கும் இல்லை | எங்கும் | முடிவில்லாதது |

## மருத்துவரிடம் போகும்போது

ரிப்போர்ட் தாளின் ஓரத்தில் நீங்களே சிலவற்றைக் குறித்துக்கொண்டு போங்கள்: ரத்தம் கொடுத்த தேதி, கடைசி மாதவிடாயின் முதல் நாள், எண்டோமெட்ரியோசிஸ் உண்டா, வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா, தாய் வழியிலோ தந்தை வழியிலோ மார்பக, சினைப்பைப் புற்றுநோய் உண்டா. முடி வளர என்று பயோட்டின் மாத்திரை விழுங்குகிறவர்கள் அதையும் எழுதுங்கள். அதிக அளவு பயோட்டின் சில கருவிகளின் எண்ணைக் குழப்பிவிடும்.

கேட்க வேண்டியவை: கட்டியைப் பைக்குள் இட்டு, உடையாமல் எடுப்பீர்களா? சந்தேகம் வந்தால் அறுவை நடக்கும்போதே உறைதிசுப் பரிசோதனை (எடுத்த திசுவை உறையவைத்து உடனே பார்ப்பது) செய்ய இங்கே வசதி உண்டா? அதில் புற்றுநோய் என்று வந்தால் முழு அறுவையையும் செய்யக்கூடியவர் இருப்பாரா? "ஊசி போட்டு நீரை எடுத்துப் பார்த்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள். சந்தேகக் கட்டியைக் குத்துவது, உடைக்காமல் எடுக்க வேண்டியதைத் தானே உடைப்பது போல.

தங்கைக்கு லேப்ராஸ்கோப்பி குறித்த தேதியிலேயே நடந்தது. சிஏ 125-ஐத் திரும்ப எடுக்கவேயில்லை. அவசியமில்லை என்றார் மருத்துவர். பயாப்சியில் எண்டோமெட்ரியோசிஸ். அத்தைக்கு முதலில் பேசிய இடத்தை விட்டு, புற்றுநோய் அறுவை நிபுணரிடம் மாற்றினோம். இதற்காகப் பத்து நாள் தள்ளிப் போனதில் மாமாவுக்குக் கோபம். நடு வயிற்றில் நீளமான வெட்டு. தையல் பிரிக்கும்வரை அத்தை அதைப் பற்றியே புலம்பினாள். உறைதிசுவில் புற்றுநோய் என்று வந்தது. கட்டி முழுதாக, உடையாமல் வெளியே வந்திருந்தது. 1ஏ.